கதை நிற்கிற இடம்: பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து சில குறிப்புகள்

1

பழவேற்காட்டு ஏரி கடலோடு சேருகிற வாய்க்கு முகத்துவாரம் என்று பெயர். கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட அது குறுகிக்கொண்டே வரும். மழை பொய்த்து, ஆரணியாற்றிலும் காளங்கியிலும் வெள்ளம் வராத வருஷங்களில் சுத்தமாக மூடிக்கொள்வதும் உண்டு. மூடிக்கொண்டால் ஓதம் ஏறாது, இறங்காது. இறால் குஞ்சு உள்ளே வராது. ஏரி வெறும் தேங்கிய தண்ணீராகிவிடும். அப்போது குப்பத்து ஜனங்கள் திரண்டு போய் மணலை வெட்டி வழிவிடுவார்கள். வெட்டியது மறுபடி தூரும். மறுபடி வெட்டுவார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் இந்த ஏரிக்கரையை வைத்து ஒரு நெடுங்கதை எழுத ஆரம்பித்தேன். நூற்றிப் பத்துப் பக்கம் ஓடி, நின்றுவிட்டது. முடிப்பதா, விட்டுவிடுவதா? நண்பர்களிடம் கேட்டேன். 'மனசு வரலேன்னா விட்டுடு, எழுத்து என்ன கட்டாயமா' என்றார் ஒருவர். 'காலையில எழுந்து தினம் ரெண்டு பக்கம்னு உக்காரு, தானா முடியும்' என்றார் இன்னொருவர். முதலாமவர் ரொமாண்டிக், மனநிலைதான் எல்லாம். இரண்டாமவர் தொழிற்சாலை மேஸ்திரி, உற்பத்திதான் எல்லாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றுதான் பேசுகிறார்கள். கதை நின்றுபோவதை எழுதுகிறவனின் உடம்பு சமாச்சாரமாக, ஏதோ மலச்சிக்கல் மாதிரி பார்க்கிறார்கள். வைத்தியத்தில்தான் வித்தியாசம்.

நான் இங்கே சொல்ல விரும்புவது வேறு. ஒரு கதை எங்கே நிற்கிறது என்பதற்கு வரலாறு உண்டு. முடிப்பது, விடுவது, பிறர் முடித்து வைப்பது, துண்டாகவே அச்சில் ஏற்றுவது எல்லாமே ஒரு சமூகம் தன் கதையாடல்களோடு வைத்திருக்கிற உறவைக் காட்டுகின்றன. தமிழ் நவீன உரைநடையின் வரலாற்றை முடிந்த நூல்களின் பட்டியலாகவே இதுவரை படித்துவந்திருக்கிறோம். பல்கலைக்கழகத் தமிழ் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: முதல் நாவல், முதல் சிறுகதை, முதல் சரித்திர நாவல். முடியாதவற்றின் வரிசை ஒன்றும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்காமல் என் கேள்விக்குப் பதில் கிடைக்காது என்று பட்டது.

2

பாரதியிலிருந்தே தொடங்கலாம். அவருடைய நீண்ட கதை முயற்சிகளில் முக்கியமான இரண்டும் முடியாதவை. புதுச்சேரியில் எழுதிய 'சின்னச் சங்கரன் கதை'யின் கைப்பிரதி காணாமல் போயிற்று. வேவுக்காரர்கள் கைக்கு அது போய்விட்டது என்பது அவருடைய நண்பர்கள் வழியாக நமக்கு வந்திருக்கிற செய்தி. நம்மிடம் மிஞ்சியிருப்பவை சில அத்தியாயங்கள்தான். ஒரு ஜமீனையும் அதன் துதிபாடிகளையும் கேலி செய்கிற கதை, ஏகாதிபத்தியத்தின் வேவு வலையில் மாட்டிக் குறைப்பட்டது என்றால், அந்தக் குறையும் பிரதியின் பகுதிதான். கதையை யார் நிறுத்தியது என்ற கேள்விக்கு இங்கே 'படைப்பு மனநிலை' என்று பதில் சொல்ல முடியாது.

அடுத்தது 'சந்திரிகையின் கதை'. 1920-21இல் சுதேசமித்திரனில் வந்துகொண்டிருந்தது. 1921 செப்டம்பரில் பாரதி இறந்தார், கதையும் நின்றது. நிறுத்தியது சாவுதான், சந்தேகமில்லை. ஆனாலும் நின்ற இடத்தைப் பாருங்கள். விதவையான விசாலாட்சிக்கு மறுமணம் ஆகிவிட்டது. ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரேசலிங்கம் பந்துலுவும் கதைக்குள்ளேயே நடமாடுகிறார்கள். அதாவது, சீர்திருத்த இயக்கம் அதுவரை செய்து காட்டியிருந்தது கதையிலும் நடந்துவிட்டது. ஆனால் தலைப்பில் பெயர் இருக்கிற சந்திரிகை இன்னும் குழந்தை. சுதந்திரமாக வளர்ந்து, தானே தேர்ந்து வாழப்போகிற பெண் அவள். அப்படி ஒரு பெண்ணின் கதைக்கு 1921இல் முன்மாதிரி எங்கே இருந்தது? பாரதி பிழைத்திருந்தால் எழுதியிருப்பார், எழுதாமலும் போயிருக்கலாம். நமக்குக் கிடைத்திருப்பது, தலைப்பு வாக்களித்த இடத்துக்கும் பிரதி போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நடுவே இருக்கிற வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் படிக்கலாம்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122ஆம் அத்தியாயத்தோடு நின்றது. அது மணிமேகலைப் பதிப்புக் காலம். அதற்குப் பின்னால் அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்து உழைத்தார். அதெல்லாம் அவருடைய குரலில் இல்லை. சுயசரிதை என்கிற வடிவமே இயல்பில் முடிக்கப்பட முடியாதது. தன் சாவைத் தானே எழுத யாராலும் ஆகாது. மாணவர் கி.வா. ஜகந்நாதன் தம் ஆசிரியரின் வாழ்க்கையைத் தனி நூலாக எழுதினார். ஆசிரியரின் பிரதிக்குள் புகுந்து அவர் குரலில் பேசாமல், தன் பெயரில் தனியாகச் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கல்கியின் விஷயம் நேர் எதிர். 'அமரதாரா' தொடராக வந்துகொண்டிருக்கும்போதே, 1954 டிசம்பரில் அவர் காலமானார். அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி கதையை முடித்தார். இதைக் கேலி செய்வது சுலபம். சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் இதன் தர்க்கம் என்ன? வாரப் பத்திரிகை வாசகனோடு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறது: 'அடுத்த வாரம் சொல்கிறேன்.' ஆசிரியன் செத்தாலும் ஒப்பந்தம் சாகாது. முடிவு என்பது இங்கே சரக்கின் பகுதி. முடிவில்லாத தொடர் என்றால் காசு வாங்கிக்கொண்டு எடை குறைத்த மாதிரி. ஆசிரியனைவிட வாசகனின் உரிமை பெரிது என்கிற ஒரு ஜனநாயகமும் இதில் கொஞ்சம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புதுமைப்பித்தன் 1948இல் இறந்தபோது விட்டுப்போனவற்றில் ஒன்று 'அன்னை இட்ட தீ' என்கிற முற்றுப்பெறாத நாவல். அவருடைய தொகுக்கப்படாத எழுத்துகள் 1998இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் வந்தபோது அதுவே நூலின் தலைப்பானது. யாரும் அதை முடித்து வைக்கவில்லை. துண்டு துண்டாகவே அச்சேறியது. 1954க்கும் 1998க்கும் நடுவே தமிழில் ஆசிரியன் என்கிற கருத்தாக்கம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இந்த இரண்டு செயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஒன்றில் வாசகனுக்குக் கதை வேண்டும். மற்றதில் வாசகனுக்கு ஆசிரியனின் கையெழுத்து வேண்டும், பாதியில் நின்றாலும் சரி.

விட்டதை மறுபடி எடுத்து முடித்த உதாரணமும் உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' சில அத்தியாயங்கள் சரஸ்வதியில் தொடராக வந்து நின்றுபோனது. பிறகு 1966இல் முழு நாவலாக வந்தது. நடுவில் சில வருஷங்கள். அந்த இடைவெளி வீண் போகவில்லை. மரம் நிற்கிறது, அதைச் சுற்றி ஊர் மாறுகிறது, நகரசபை வருகிறது, தேர்தல் வருகிறது, கடைசியில் மரம் சாகிறது. ஒரு தனி மனிதனின் வாழ்க்கையை முடித்து வைப்பதன் மூலம் முடிகிற நாவல் அல்ல அது.

தமிழுக்கு வெளியே ஒரே ஒரு உதாரணம் போதும். கோகல் 1852இல், சாவதற்குச் சில நாள் முன்னால், 'மரித்த ஆன்மாக்கள்' இரண்டாம் பாகத்தின் கைப்பிரதியை நெருப்பில் போட்டார். மதப் பைத்தியம், உடல்நலம் என்று காரணங்கள் சொல்வார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். முதல் பாகத்தில் செத்த பண்ணையடிமைகளின் பெயர்களை வாங்கி விற்கிற ஒரு ருஷ்யாவை அவர் காட்டினார். இரண்டாம் பாகத்தில் அதே ருஷ்யாவை, அதே பண்ணையார்களை வைத்து, திருந்தி நல்லவர்களாக ஆக்கிக் காட்ட ஆசைப்பட்டார். பண்ணையடிமை முறை அப்படியே இருக்கும்போது பண்ணையார் எப்படி ரட்சிக்கப்படுவார்? யதார்த்தம் அந்த முடிவைத் தர மறுத்தது. எரித்தது, தன்னையே அவர் விமர்சித்துக்கொண்ட செயல். ஆக, விட்டுவிடுவதும் சில நேரம் நேர்மை.

3

இப்போது பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். ஏனென்றால் 'முடிந்தது' என்று எழுதுகிற அதிகாரம் அங்கே கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது.

டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையை 1613இல் கட்டி முடித்தார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய கம்பெனிக்கு அதுதான் தலைமையிடம்; 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பழவேற்காட்டுத் துணி கிழக்கே இந்தோனேசியத் தீவுகளுக்குப் போய் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயுமாக மாறியது. வெடிமருந்து செய்தார்கள். துணியோடு மனிதர்களும் போனார்கள். 1620களின் பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்கள், பிடித்து விற்கப்பட்டவர்கள், அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முடிவாகப் போனது.

டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்றும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே பெரிய பெரிய பலகைக் கற்களில் பெயர், பதவி, பிறந்த தேதி, இறந்த தேதி, குலச் சின்னம். ஒவ்வொரு கல்லும் ஒரு முடிந்த கதை. பத்தாவியாவுக்குப் போனவர்களுக்குக் கல் இல்லை. அவர்கள் சரக்குக் கணக்கில் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். அவர்களுடைய கதை முடிந்ததா, முடியவில்லையா என்று சொல்வதற்கே ஆளில்லை. முடிவு என்பது ஒரு சலுகை என்று முதலில் எனக்குத் தோன்றியது அந்தக் கற்களுக்கு நடுவில் நின்றபோதுதான். யாருக்குக் கடைசித் தேதி எழுதப்படுகிறதோ அவர்தான் கதாபாத்திரம், மற்றவர் பின்னணி.

இதே கதையாடல் வேறு வேறு உடுப்பில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற ஸ்ரீஹரிகோட்டா 1969இல் ராக்கெட் தளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971இல் முதல் சிறு ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. தீவில் இருந்தவர்களைக் கிளப்பினார்கள். தேசம் அங்கே ஒரு புதிய அத்தியாயத்தைத் தொடங்கியது. யானாதிகளுக்கும் மற்றவர்களுக்கும் அது முற்றுப்புள்ளி. ராக்கெட் போகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று கரையில் இன்றும் எச்சரிக்கை வருகிறது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்க ஆரம்பித்தது. பிறகு காட்டுப்பள்ளி. அதன் விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்பு 2021 ஜனவரியில் நடக்க இருந்து தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவிக்கப்பட்டு மறுபடி நின்றது. வளர்ச்சி என்கிற பெருங்கதையாடலில் மீனவக் குப்பம் எப்போதும் கடைசி அத்தியாயத்தில்தான் இருக்கிறது. 'பாரம்பரியத் தொழில் அழிந்துவருகிறது' என்று இரங்கற்பா எழுதுகிறவனும் அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு அச்சுக் கோர்க்கிறவன்தான். நானும் கோர்த்தேன். அதற்கு வருகிறேன்.

4

என் கதையின் நடுவில் இருந்தது பாடு. பழவேற்காட்டு ஏரியில் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓதம் ஓடுகிற சில இடங்கள் உண்டு. இறால் அந்த வழியாகத்தான் கடலுக்கும் ஏரிக்குமாகப் போய் வரும். அந்த இடத்தில் சுத்துவலை போடுகிற உரிமைக்குப் பாடு என்று பேர். இடத்துக்கும் பாடு, முறைக்கும் பாடு. எல்லோரும் எல்லா நாளும் போட முடியாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர்கள் முறை வைத்துக்கொண்டு போடுவார்கள். சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த இடம் என்று தீர்மானிப்பார்கள். நல்ல இடம் இன்று உனக்கென்றால் நாளை எனக்கு. தகராறு என்றால் ஊர்ப் பஞ்சாயத்து. செபாஸ்டியன் மேத்யூ இந்த முறையைப் பற்றி எழுதிய ஆய்வை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்டது. பொதுச் சொத்து என்றால் எல்லோரும் சேர்ந்து அழித்துவிடுவார்கள் என்கிற முதலாளியப் பொருளாதார வாதத்துக்கு எதிராக, உலகம் முழுக்கக் காட்டப்படுகிற உதாரணங்களின் வரிசையில் இந்தப் பாடும் இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு வந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. வால்டர் பெஞ்சமின் 1936இல் கதைசொல்லியைப் பற்றி எழுதிய கட்டுரையில் கதைக்கும் நாவலுக்கும் ஒரு வித்தியாசம் சொல்கிறார். நாவல் 'முற்றும்' போட்டு வாசகனை வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. கதையில் 'அப்புறம்?' என்கிற கேள்வி எப்போதும் செல்லும். பாடு என்பது 'அப்புறம்?' என்பதன் சமூக வடிவம் என்று நினைத்தேன். இன்று என் முறை, அப்புறம் உன் முறை. முடிவே இல்லாத ஒரு கதையாடல். தமிழில் பாடு என்றால் உழைப்பு, துன்பம், பாட்டின் ஏவல் என்று எத்தனை அர்த்தம்! தலைப்பே கிடைத்துவிட்டது. எழுத ஆரம்பித்தேன்.

உற்சாகத்தில் நான் பாதி வாக்கியத்தைப் படிக்காமல் விட்டிருந்தேன். பாட்டில் பங்கு பட்டினவருக்கு. அதிலும் ஆண்களுக்கு. தலைக்கட்டுக் கணக்கில் வராதவருக்குச் சீட்டு இல்லை. ஏரியை நம்பி இருக்கிற தலித் மீனவர்களுக்கு இல்லை, இருளர்களுக்கு இல்லை, பிறகு மீன்பிடிக்க வந்த மற்றவர்களுக்கும் இல்லை. எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டபோது அடிதடியும் அதிகாரிகள் முன்னால் பேச்சுவார்த்தையும் நடந்தன. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் தண்ணீரில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிக்கிறார்கள். வலையில்லை, படகில்லை, சீட்டுமில்லை. பகிர்ந்துகொள்கிற அழகான முறைக்கு ஒரு வேலி இருந்தது. வேலிக்குப் பெயர் சாதி.

5

கதையை நான் முடித்துவிட்டதாக நினைத்த நாள் ஒன்று உண்டு. முகத்துவாரம் மூடிவிடுகிறது. மகன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாகப் போய்விடுகிறான். அப்பன் கிழிந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். முற்றும். அழகாகத்தான் இருந்தது. பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று கவரில்கூடப் போட்டாயிற்று. அனுப்புகிறதுக்கு முன்னால் குப்பத்தில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடைசிப் பகுதியைப் படித்துக் காட்டினேன். பெரியவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

'எல்லாம் சரியாத்தான் கீது தம்பி. ஆனா மொகத்துவாரம் மூடிக்கிச்சுன்னா நாங்க இன்னா உக்காந்துகினு அழுதுகினா இருப்போம்? மம்முட்டிய எடுத்துகினு போவமே. அத்த ஏன் எழுதல?'

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா கேட்டார்: 'மொதல்ல படிச்சப்ப பறியோட ஒருத்தி தண்ணில நின்னுகினு இருந்தாளே, அவ இன்னா ஆனா? அப்புறம் அவ வரவே இல்லியே?'

அவள் பதினாலாம் பக்கத்தில் இருக்கிறாள். மாலை வெளிச்சம், நாரைகள், தூரத்தில் தண்ணீரில் ஒரு பெண். இயற்கை வருணனைக்காகப் போட்டது. ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேர்கூட வைக்கவில்லை. நாரையோடு நாரையாக அவளை எழுதிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன்.

இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றல்ல. முதலாவது என் முடிவைப் பொய் என்றது. மீனவனைப் பற்றி வெளியாள் எழுதுகிற கதைகளுக்கு ஒரு அச்சு உண்டு. சாவோ கையாலாகாத துக்கமோ கடைசியில் வந்தாக வேண்டும். தகழியின் 'செம்மீன்' 1956இல் வந்தது, 1965இல் படமானது, சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில் தமிழுக்கும் வந்தது. கடலில் பழனியும் சுறாவும், கரையில் கருத்தம்மாவும் பரீக்குட்டியும் என்று பிணங்களில் முடிகிற அந்தக் காட்சி நம் மனசில் ஒரு வார்ப்பாகவே பதிந்துவிட்டது. தமிழில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' (1978), உள்ளிருந்தே எழுந்த குரலாக ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) என்று தென்கடற்கரைக்கு ஒரு எழுத்து மரபு உண்டு. வடகரைக்கு, பட்டினவர் குப்பங்களுக்கு, அவ்வளவு எழுத்து இல்லை. வடகரைக்குப் புதிதாக ஒரு கதை எழுதப்போகிறேன் என்று கிளம்பியவன் பழைய அச்சில் பழைய துக்கத்தையே வார்த்தேன். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகிற ஜனங்கள் என் பிரதியில் இல்லை. ஏன்? அவர்கள் வெட்டினால் கதை முடியாது. எனக்கு முடிய வேண்டியிருந்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. பியர் மாஷெரி 1966இல் எழுதிய இலக்கிய உற்பத்திக் கோட்பாடு பற்றிய நூலில், ஒரு பிரதி எதைச் சொல்லாமல் இருக்கிறதோ அதனால்தான் அது உருவாகியிருக்கிறது என்கிற மாதிரி வாதிடுகிறார். பிரதியின் மௌனத்தை நிரப்புவது விமர்சகனின் வேலையல்ல, அந்த மௌனம் எப்படி வந்தது என்று காட்டுவதுதான் வேலை. இதை நான் பிறர் பிரதிகளுக்கு எத்தனையோ தடவை பிரயோகித்திருக்கிறேன், கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் கதைக்கு அதைப் பிரயோகித்தது ஒரு மீனவ வீட்டம்மா, அதுவும் 'அப்புறம்?' என்கிற பெஞ்சமினின் கேள்வியைக் கேட்டு. இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த அம்மாவின் புருஷனுக்குப் பாட்டில் பங்கு உண்டு. வேலிக்கு உள்ளே இருக்கிற வீடு அது. ஆனால் சீட்டு எழுதப்படுவது அவர் பெயரில் அல்ல. வேலிக்கு வெளியே நின்றவளை அவர் கண்டுபிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்போதுதான் புரிந்தது. என் கதை நூற்றிப் பத்தாம் பக்கத்தில் நிற்கவில்லை. பதினாலாம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுதிய தொண்ணூற்றாறு பக்கமும், நான் எதைப் பார்க்காமல் தாண்டினேனோ அதைச் சுற்றிப் போன சுற்றுவழி. பாடு ஒரு சமத்துவ சொர்க்கம் என்று காட்டியாக வேண்டும். அந்தப் பெண் வாயைத் திறந்தால் அது உடைந்துவிடும். அதனால் அவளுக்குப் பேச்சு இல்லை. அவள் பேசாததால் உள்முரண் இல்லை. உள்முரண் இல்லாத ஒரு ஊருக்குக் கெடுதல் வெளியிலிருந்துதான் வர வேண்டும்: மணல், துறைமுகம். வெளியிலிருந்து வருகிற கெடுதலுக்கு முன்னால் ஊர் என்ன செய்யும்? அழும். முற்றும்.

6

ஆக, முடிப்பதா விடுவதா?

'முடிவின்மை' என்பதை ஒரு கொடியாகப் பிடித்துக்கொண்டு நழுவிவிடலாம். தஸ்தாயெவ்ஸ்கியின் பாத்திரங்களைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்லப்படவே முடியாது என்று பக்தின் சொன்னதை எடுத்துக்கொள்ளலாம். துண்டுகள்தான் இந்தக் காலத்தின் வடிவம் என்று ஒரு முன்னுரை எழுதி நூற்றிப் பத்துப் பக்கத்தையும் அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம். நம்மில் பலர் இதைச் செய்திருக்கிறோம். ஆனால் திறந்த முடிவு என்பது வேறு, பார்க்க மறுத்ததால் நின்றுபோனது என்பது வேறு. சந்திரிகை வளராமல் போனதற்கு ஒரு சாவு காரணம். என் பதினாலாம் பக்கத்துப் பெண் பேசாமல் போனதற்கு நான் காரணம். இரண்டையும் ஒரே 'முற்றுப்பெறாத பிரதி' என்கிற தலைப்பில் அடைப்பது மோசடி.

விட்டுவிடலாமா? கோகல் எரித்தது நியாயம் என்று மேலே சொன்னேன். அவர் கேட்ட முடிவை அவருடைய யதார்த்தம் தரவே இல்லை. அப்படியானால் முடிவு பொய்யென்று தெரிந்தபிறகு நானும் எரித்துவிட வேண்டியதுதானே? ஒரு வித்தியாசம் இருக்கிறது. என் யதார்த்தம் தர மறுக்கவில்லை. கையில் மண்வெட்டியோடும் வாயில் பறியோடும் அது நின்றுகொண்டுதான் இருந்தது. வாங்கிக்கொள்ள மறுத்தது நான். யதார்த்தம் மறுத்தால் விடு. நீ மறுத்திருந்தால் திரும்பிப் போ. கதையை விடுவதற்கும் தொடர்வதற்கும் இடையில் எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான். மனநிலை, ஒழுங்கு, பத்திரிகை கேட்கிற பக்கக் கணக்கு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்தப் பெண்ணைப் பேசவைக்க நான் யார்? இருளர் பெண்ணின் குரலை எம்.ஏ. தமிழ் படித்தவன் ஒருவன் தயாரித்தால் அது இன்னொரு ஆக்கிரமிப்பு இல்லையா? கேள்வி நியாயமானது. ஆனால் 'எனக்கு உரிமையில்லை' என்று சொல்லி அவளை நாரைகளுக்கு நடுவிலேயே விட்டுவைப்பதும் ஒரு வசதிதான். அவள் சார்பில் பேசுவது ஒன்று. அவளைப் பேசாதவளாக ஆக்கியவர்களைப் பேசவைப்பது இன்னொன்று. இரண்டாவதை நான் செய்ய முடியும். சீட்டுக் குலுக்குகிற இடத்தில் யார் பெயர் எழுதப்படவில்லை என்பதை, அதைக் குலுக்குகிறவன் வாயாலேயே சொல்லவைக்க முடியும். என் கதையின் அப்பனுக்கு அது தெரியும். தெரிந்தே வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுடைய கதையை அவள் வீட்டிலிருந்து ஒருவர் எழுதுவார். அவருக்கு என் கதை குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

இன்னொரு பயமும் வந்தது. இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் களத்தில் வேலை செய்கிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். துறைமுகத்துக்கு எதிராகக் குப்பங்கள் ஒன்றாக நிற்கிற நேரத்தில் பாட்டுக்குள்ளே இருக்கிற சாதியை எழுதினால் அது யாருக்கு உதவும்? 'இப்ப வேணாம் தோழர், அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த 'அப்புறம்' பெஞ்சமினுடைய 'அப்புறம்' அல்ல. கதையைத் தொடரச் சொல்கிற அப்புறம் ஒன்று. மூடிவைக்கச் சொல்கிற அப்புறம் இன்னொன்று. ஏரி அழிந்தால் முதலில் அழிகிறவள் பறியை மட்டும் நம்பி இருக்கிறவள்தான். ஏரியைக் காப்பாற்றுகிற பேச்சில் அவளுக்கு இடமில்லை என்றால் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும்? முகத்துவாரத்தைத் திறந்தே வைத்திருக்கக் கற்சுவர் எழுப்புகிற வேலையை அரசு கையிலெடுத்திருக்கிறது. வாய் திறந்தே இருந்தால் நல்லதுதான். உள்ளே வருகிற இறால் யாருடையது என்கிற கேள்வியைக் கற்சுவர் தீர்க்காது.

போன மாதம் கடைசி இருபது பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். முதல் பதிமூன்று பக்கத்தை வைத்துக்கொண்டேன். பதினாலாம் பக்கத்தில் நாரைகளை அடித்துவிட்டேன். அப்பன் படகில் வருகிறான். தண்ணீரில் நிற்கிறவளைப் பார்க்கிறான். பாட்டுப் பக்கம் வராதே என்று கத்துகிறான். அவள் வாயில் பறி இருக்கிறது. பதில் சொல்ல வேண்டுமென்றால் பறியைக் கையில் எடுக்க வேண்டும்.

எடுக்கிறாள். அந்த இடம் வரைக்கும் எழுதியிருக்கிறேன்.